கேட்பவளுக்கும் ஒரு செவி வேண்டும்

போரினாலும் இடம்பெயர்வினாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உளவளத்துணை தேவை என்பதை இன்று அநேகமாக எல்லோரும் ஏற்றுக்கொள்கின்றார்கள். முன்னர் நிலைமை இப்படி இருக்கவில்லை. "எனக்கென்ன விசரே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன பெண்களைப் பற்றி மூத்த பணியாளர்கள் இன்றும் சொல்வார்கள். 2004 டிசெம்பர் 26 கடற்கோள், 2009 இல் வன்னியில் முடிந்த போர், 2019 இன் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2022 இன் பொருளாதார நெருக்கடி என ஒன்றின்மேல் ஒன்றாக வந்த துயரங்களின் பின்னர், ‘கவுன்சிலிங்’ என்ற சொல் வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் சாதாரணமாகப் புழங்குகின்றது.

ஆனால் ஒரு கேள்வியை நாம் அரிதாகவே கேட்கின்றோம். நாளாந்தம் நான்கைந்து பெண்களின் துயரத்தைக் கேட்கும் அந்த உளவளத்துணையாளரின் கதையை யார் கேட்கின்றார்கள்?

நான் சமூகவியல் பட்டதாரி. சமூகப் பணியாளராகத் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பணிபுரியும் உளவளத்துணையாளர்கள் ஆறு பேருக்கு மேற்பார்வையாளராக இருக்கின்றேன். ஆறு பேரும் பெண்கள். அவர்களில் இருவர் என்னிலும் வயதில் மூத்தவர்கள். இந்த வேலை என்ன, இதில் ஏன் இடத்துக்கு இடம் என் பங்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கின்றது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகின்றேன். இதில் வரும் சம்பவங்களில் பெண்களின் அடையாளங்களை மாற்றியிருக்கின்றேன்.

"இது பணியாளர்களின் உள்வீட்டு விடயம், இதில் எங்களுக்கு என்ன?" என்று வாசக சகோதரிகள் நினைக்கலாம். இது நேரடியாக உங்களைத் தொடும் விடயம் என்பதே என் எண்ணம்.

திரும்பவும் முதலிலிருந்து

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் ஒரு தாய் தனது கதையை எத்தனை இடங்களில் சொல்லியிருப்பார்? கிராம உத்தியோகத்தரிடம் சொன்னார். பொலிஸில் சொன்னார். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் சொன்னார். 2013 இல் காணாமல் போனோர் பற்றி விசாரிக்கவென்று அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவில் சொன்னார். 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் சொன்னார். ஒவ்வோரிடத்திலும் புதிய முகம், புதிய படிவம், அதே கதை.

இப்படிச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர் கடைசியில் ஓர் உளவளத்துணையாளரிடம் வருகின்றார். மூன்று மாதம் கழித்துத்தான் மனம் திறக்கின்றார். எட்டாவது மாதத்தில் அந்த உளவளத்துணையாளர் வேலையை விட்டு விலகிவிடுகின்றார். அடுத்த கிழமை அதே கதிரையில் வேறொரு பிள்ளை இருந்துகொண்டு, "சொல்லுங்கோ அம்மா, உங்கட பிரச்சினை என்ன?" என்று கேட்கின்றது. அந்தத் தாய் என்ன செய்வார்? பலர் அத்துடன் வருவதை நிறுத்திவிடுகின்றார்கள்.

விலகிப் போகின்றவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிச் சுமந்தவர்களே போகின்றார்கள். முதலில் நித்திரை குறையும். வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவார்கள். பிறகு, வருகின்ற பெண்களின் கதை காதில் ஏறாமல் போகும். 1990 இல் மக்கான், பேர்ள்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்களின் மனவடுவைத் தொடர்ந்து கேட்பவருக்கும் அந்த வடு பரவும், உலகத்தைப் பார்க்கும் பார்வையே அவருக்கு மாறிவிடும் என்றார்கள். இது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல, அவர் செய்யும் வேலையின் தன்மை.

நான் சமூகவியல் படித்த காலத்தில் ஆர்லி ஹொக்சைல்ட் 1983 இல் எழுதிய நூலொன்றின் கருத்து என் மனதில் பதிந்தது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், சிரித்த முகத்துடன் இருப்பதும் கோபத்தை அடக்குவதும்கூட உழைப்புத்தான், அது உணர்வு உழைப்பு என்று சொன்னார். பெண்கள் செய்வதால் அது ‘இயல்பான குணம்’ என்று எடுத்துக்கொள்ளப்படுகின்றது. உழைப்பாகக் கணக்கில் வருவதில்லை. நமது உளவளத்துணையாளர்களின் நிலையும் இதுதான். "நல்ல பொறுமையான பிள்ளை" என்று பாராட்டுவோம். அந்தப் பொறுமை எங்கிருந்து வருகின்றது, எப்போது தீர்ந்து போகும் என்று கேட்க மாட்டோம்.

கங்காணியா, துணையா?

‘மேற்பார்வை’ என்ற சொல்லே நம்மவர்களுக்குப் பயத்தைக் கொடுக்கின்றது. மலையகத்துப் பெண்களுக்கு அது கங்காணியை நினைவூட்டும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு ‘சுப்பவைசர்’ என்றால் நிமிடக் கணக்குப் பார்ப்பவர், மலசலகூடம் போகவும் அனுமதி கேட்க வேண்டியவர். அலுவலகங்களில் கோப்பைத் திறந்து பிழை பிடிப்பவர். ஆகவே புதிதாக வரும் உளவளத்துணையாளர் ஒருவர் முதல் நாள் என் முன்னால் வந்து இருக்கும்போது எல்லாப் பதிவுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டுதான் இருப்பார்.

இந்தத் துறையில் மேற்பார்வை என்பதற்கு வேறு பொருள் உண்டு. அல்பிரட் கடுஷின் என்ற சமூகப்பணி அறிஞர் 1976 இலேயே அதற்கு மூன்று பணிகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். ஒன்று நிர்வாகம், இரண்டாவது கற்பித்தல், மூன்றாவது ஆதரவு. 1980களில் இங்கிலாந்தின் பிரிஜிட் புரொக்டரும் ஏறக்குறைய இதே மூன்றையும் வேறு பெயர்களில் சொன்னார். வேலை ஒழுங்காக நடக்கின்றதா என்று பார்ப்பது, வேலை செய்பவர் வளர உதவுவது, வேலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திரும்பக் கொடுப்பது. நம் நாட்டில் முதலாவது மட்டும் தாராளமாக நடக்கின்றது. இரண்டாவது பயிற்சிப் பட்டறைகளோடு முடிந்துவிடுகின்றது. மூன்றாவதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை என்பார்கள்.

மூன்றாவதை விளங்கப்படுத்த நான் ஒரு கதை சொல்வதுண்டு. பிரித்தானியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1920களில் ஓர் உரிமைக்காகப் போராடினார்கள். உடம்பில் படிந்த கரியை முதலாளியின் நேரத்திலேயே கழுவ வேண்டும், அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதே அந்தக் கோரிக்கை. ஹோக்கின்ஸ், ஷோஹெற் என்ற இருவர் உதவும் தொழில்களில் மேற்பார்வை பற்றி எழுதிய நூலில் இதனை எடுத்துக்காட்டாகச் சொல்கின்றார்கள். சுரங்கத்தில் வேலை செய்தவருக்குக் கரி படிவதைப் போலத்தான் துயரம் கேட்டவருக்கும் படிகின்றது. அதைக் கழுவும் நேரம் அவரது சொந்த நேரமாக இருக்கக்கூடாது. இந்தக் கதையைக் கேட்டதும் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கியவர்கள் இருக்கின்றார்கள்.

ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப

அப்படியென்றால் மேற்பார்வையாளர் எந்நேரமும் ஆறுதல் சொல்பவரா? அதுவும் இல்லை. ஜனின் பேர்னாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1979 இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். மேற்பார்வையாளர் சில வேளை ஆசிரியராகவும், சில வேளை உளவளத்துணையாளராகவும், சில வேளை ஆலோசனைத் துணைவராகவும் இருக்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு அந்த நேரத்தில் எது தேவையோ அதற்கேற்ப இடம் மாற வேண்டும் என்பதே அதன் சாரம். புத்தகத்தில் இது இலகுவாகத்தான் தெரியும். காலி வீதியில் அது எப்படி நடக்கின்றது என்று பார்ப்போம்.

வெள்ளவத்தையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, லொட்ஜில் தங்கியிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தாயைக் கூட்டிவந்தவர். "அவ சரியான சந்தேகக்காரி அக்கா. அடையாள அட்டை இலக்கம் தரமாட்டாவாம். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுறா. ஆரும் படியில ஏறினாலும் எழும்பிப் போய்ப் பாக்கிறா." அந்தத் தங்கைக்கு 2007 ஜூன் 7 ஆம் திகதி நடந்தது தெரியாது. அன்று அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் கதவு தட்டப்பட்ட சத்தத்தை நீதிமன்றத் தடை அழித்துவிடாது. இதை நான் விளக்கிச் சொன்னேன். அடுத்த முறை அந்தத் தங்கை இலக்கம் கேட்கவில்லை. கதவைத் திறந்தே வைத்து, கதிரையைப் படிக்கட்டுத் தெரியும் பக்கமாகப் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் தேவைப்பட்டது ஓர் ஆசிரியர்.

கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். கணவனிடம் அடி வாங்கும் ஒரு பெண்ணிடம், "அந்த வீட்ட விட்டு வந்துருங்கன்னு சொன்னேன் அக்கா, அவங்க அழுதுட்டே போயிட்டாங்க" என்றார் அங்கே பணிபுரியும் இளம் உளவளத்துணையாளர். வீட்டை விட்டு வருவது ஒன்றுதான் வழி என்று அவர் எண்ணியிருந்தார். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இருவருமாக இருந்து படித்தோம். பாதிக்கப்பட்டவர் தானாகவோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். உடனடி ஆபத்து இருந்தால் இடைக்காலக் கட்டளை பெறலாம். 14 நாட்களுக்குள் விசாரணை வைக்க வேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அடிப்பவரை வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும். அதாவது வெளியே போக வேண்டியவர் எப்போதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அறிவு இல்லாமல் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் பயன் குறைவு.

மூன்றாவது சம்பவம் வேறு விதமானது. பத்து வருட அனுபவமுள்ள ஒருவர். காணாமல் போனவர்களின் தாய்மாருடன் மிகத் திறமையாகப் பணிபுரிபவர். திடீரென்று அவரது பதிவுகள் இரண்டு வரிகளாகச் சுருங்கின. "எல்லாம் ஓகே" என்றார். நான் கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. 1955 இல் ஹரோல்ட் சேர்ல்ஸ் என்ற மருத்துவர் கவனித்து எழுதிய ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. உதவி பெற வருபவருக்கும் உதவுபவருக்கும் இடையில் நடப்பது, பிறகு உதவுபவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையில் அப்படியே பிரதிபலிக்கும் என்பது அவர் கண்டது. "உங்களிட்ட வாற அம்மாவும் இப்படித்தான் ஒண்டும் கதைக்காமல் இருக்கிறாவோ?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அவவின்ர மகனும் என்ர அண்ணாவும் ஒரே நாள்தான் காணாமல் போனவை. அவ திகதியைச் சொன்ன உடன எனக்குக் காது அடைச்சுப் போச்சு."

அந்த இடத்தில் சட்டமும் வேண்டாம், நுட்பமும் வேண்டாம். இருந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு சந்திப்புகள் முழுவதும் அவரது அண்ணாவைப் பற்றியே கதைத்தோம். ஆனால் இங்கே ஓர் எல்லையும் இருக்கின்றது. மேற்பார்வையாளர் அவருக்கு நிரந்தர உளவளத்துணையாளர் ஆகிவிடக்கூடாது. ஆகிவிட்டால், அந்தத் தாயின் நலனை யார் பார்ப்பது? ஆகவே அவர் தனக்கென்று வெளியே ஒருவரைச் சந்திக்க ஒழுங்கு செய்தோம். எங்கள் சந்திப்பு மீண்டும் அந்தத் தாயின் பக்கம் திரும்பியது. அவர் அந்தத் தாயைக் கைவிடவில்லை. தொடர்ந்தும் சந்தித்து வருகின்றார். அந்தத் தாய்க்கு இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வரவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொருவர் கடற்கோள் காலத்திலிருந்து இந்தப் பணியில் இருக்கும் ஓர் அக்கா. அவருக்கு நான் எதைக் கற்பிப்பது? வயதாலும் அனுபவத்தாலும் அவர் எனக்கு மேலே. நம் சமூகத்தில் மூத்தவரை இளையவர் கேள்வி கேட்பது இலகுவான காரியமும் அல்ல. அவருடன் நான் ‘மேற்பார்வையாளர்’ என்ற கதிரையில் இருப்பதில்லை. "அக்கா, அந்த நேரம் நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீங்கள்?" என்று அறிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பேன். பதில் சொல்லும்போது தான் செய்ததை அவரே புதிதாகப் பார்ப்பார். "நீ கேட்டாப் பிறகுதான் தங்கச்சி எனக்கே விளங்குது" என்பார். அங்கே என் வேலை ஒரு கண்ணாடி பிடிப்பது மாத்திரம்.

நெகிழக்கூடாத இடம்

இவ்வாறு வளைந்து கொடுப்பதே முழுவதும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சில இடங்களில் மேற்பார்வையாளர் உறுதியாக நிற்கத்தான் வேண்டும். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் இருந்தால், ஒரு பிள்ளைக்குத் துஷ்பிரயோகம் நடந்தால், யாருடைய மனமும் நோகுமே என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் அன்றே அழைக்க வேண்டும், அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

இரகசியம் பேணுவதும் அவ்வாறே. வெள்ளவத்தை ஓர் ஊர் போன்றது. காலையில் ஒருவரிடம் சொன்னது மாலையில் கோயில் வீதியிலும் புடவைக் கடையிலும் கேட்கும். இரவில் கனடாவிலும் கேட்கும். ஆகவே குழுவாக இருந்து கதைக்கும்போது பெயர், ஊர், கோயில், பாடசாலை எதுவும் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கின்றோம். ஒரு தடவை ஒருவர் விபரம் சொல்லத் தொடங்கியவுடன் மற்றவர் முகம் மாறியது. தனக்குத் தெரிந்த குடும்பம் என்று ஊகித்துவிட்டார். உடனே அந்தக் கதையை நிறுத்தித் தனிச் சந்திப்புக்கு மாற்றினோம். கட்டுப்பாடு என்பது எப்போதும் அதிகாரம் அல்ல. சில வேளைகளில் அதுதான் பாதுகாப்பு.

கொட்டாஞ்சேனை கற்றுத்தந்தது

2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொட்டாஞ்சேனையில் பணிபுரிந்தவர்களுக்கு அது ‘பாதிக்கப்பட்ட பிரதேசம்’ அல்ல, சொந்தத் தெரு. செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றப் போகும் கோயில். உதவி செய்யப் போனவர்களே இறுதிச் சடங்குகளிலும் நின்றார்கள்.

அந்த நாட்களில் மேற்பார்வை என்பதன் உருவமே மாறியது. முதல் கிழமையில் யாரிடமும் வேலை பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா, இரவு நித்திரை கொண்டீர்களா, பிள்ளைகளை யார் பார்க்கின்றார்கள் என்பவையே கேள்விகள். யார் எந்த வீட்டுக்குப் போவது, யார் இன்று ஓய்வெடுப்பது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். தமது நெருங்கிய சொந்தத்தில் மரணம் நடந்தவர்களை வீடுகளுக்கு அனுப்பவில்லை. இரண்டாவது கிழமையில்தான் கதைகள் வந்தன. மாதங்கள் சென்ற பின்னரே "அந்த இடத்தில் நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ?" போன்ற தொழில்சார்ந்த கேள்விகள் எழுந்தன. ஆறுதலும் கற்றலும் ஒரே நாளில் வராது. எந்த நாளில் எது என்று அறிவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி.

2020 மார்ச் 20 ஊரடங்குச் சட்டத்தின் பின்னர் எல்லாமே தொலைபேசிக்குப் போயின. ஓரறை வீட்டில் இருந்த ஒரு உளவளத்துணையாளர் மாடிப்படியில் இருந்துகொண்டு அழைப்புகளை எடுத்தார். மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கும்போது மற்றவர் இரகசியத்தை எப்படிக் காப்பது? அவருக்கு அன்று வேண்டியிருந்தது உளவியல் அல்ல. அழைப்பு நேரத்தை மாற்றி அமைத்துக் கொடுக்கும் ஒரு நிர்வாகி. அதையும் மேற்பார்வையாளர்தான் செய்ய வேண்டும்.

கையெழுத்து வைப்பவரும் காது கொடுப்பவரும்

இந்தப் பணிக்குத் தடைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, பணம். உளவளத்துணை பெரும்பாலும் திட்ட நிதியில் நடக்கின்றது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும். மேற்பார்வைக்குச் செலவான ஒரு மணித்தியாலம் அங்கே தெரியாது. ஆகவே செலவைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். 2007 இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஏனைய நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட அவசரகால உளநல, உளசமூக உதவி வழிகாட்டியில், பணியாளர்களினதும் தொண்டர்களினதும் உளநலத்தைக் காப்பதும் நிறுவனத்தின் கடமையாகத் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. எனவே இது சலுகை அல்ல.

இரண்டாவது, அதிகாரம். ஒப்பந்தத்தை நீடிப்பவரும் லீவுக்குக் கையெழுத்து வைப்பவரும் மேற்பார்வையாளரும் ஒரே ஆளாக இருந்தால், "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று யார் வாய் திறப்பார்? நானறிந்த ஒரு நிறுவனத்தில், அழுத ஒரு பணியாளருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அதன் பின்னர் அங்கே யாரும் அழவில்லை, மௌனமாக விலகினார்கள். முடிந்தவரை இரண்டு பொறுப்பையும் இருவரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆளில்லாத சிறிய இடங்களில், "இன்று நான் எந்தப் பொறுப்பில் இருந்து கேட்கின்றேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மூன்றாவது, மொழி. இந்தத் துறையின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து தமிழில் எழுதியதால்தான் ‘மனவடு’ போன்ற சொற்கள் இன்று நம் வாயில் இருக்கின்றன. மேற்பார்வை பற்றியும் அவ்வாறு தமிழில் எழுதப்பட வேண்டும். தமிழில் கேட்ட துயரத்தை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, மொழிபெயர்ப்பாளர் ஊடாக மேற்பார்வை பெறும்போது, "வயிறு எரியுது" என்று அந்தத் தாய் சொன்னது வழியிலேயே தொலைந்துவிடுகின்றது.

நீங்களும் கேட்பவர்தான்

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் மாதர் சங்கத்திலோ, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் குழுவிலோ, காணாமல் போனோர் சங்கத்திலோ இருப்பீர்கள். யாருக்கும் சொல்லாததை உங்களிடம் வந்து சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண் இருப்பார். உங்களுக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் கேட்கும் வேலையை நீங்களும் செய்கின்றீர்கள். ஆகவே உங்களுக்கும் ஒருவர் வேண்டும்.

நம்பிக்கையான ஒருவருடன் இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். யாருடைய பெயரையும் சொல்லாமல் நான்கு கேள்விகளை மட்டும் ஒருவரையொருவர் கேளுங்கள். கேட்டதில் எது என்னை விட்டுப் போகாமல் இருக்கின்றது? அதில் என் சொந்தக் கதை எவ்வளவு? நான் இனிச் செய்யக்கூடியது என்ன? என்னால் ஏலாதது எது, அதை யாரிடம் ஒப்படைக்கலாம்? நான்காவது கேள்வி முக்கியமானது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926, பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அறிந்து வையுங்கள். எல்லாவற்றையும் தனியே சுமப்பது பெருமை அல்ல.

உளவளத்துணை பெறச் செல்பவராக இருந்தால், உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கின்றது. "உங்களுக்கு மேற்பார்வை செய்யிறவர் ஆராவது இருக்கினமோ? நான் சொல்லுறதை அவையிட்ட எந்த அளவுக்குச் சொல்லுவீங்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல உளவளத்துணையாளர் இதற்குக் கோபிக்க மாட்டார். பெயர் சொல்லாமல் தன் வேலையைப் பற்றி ஒருவரிடம் கதைப்பதாக விளக்குவார். அப்படி ஒருவர் இல்லை என்று அவர் சொன்னால், அது அவரது குற்றம் அல்ல. அந்த நிறுவனத்தின் கூட்டத்திலோ, அவர்கள் உங்கள் கருத்தைக் கேட்கும் படிவத்திலோ, "எங்களைக் கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒருவரை ஒழுங்கு செய்து கொடுங்கள்" என்று எழுதுங்கள். நிதி வழங்குபவர்கள் எங்களைப் போன்ற பணியாளர்களின் சொல்லைவிட உங்கள் சொல்லுக்கே அதிகம் செவிகொடுப்பார்கள். அந்த ஒரு வரி, உங்களுக்குப் பின்னால் வரும் ஒரு பெண் தன் கதையைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலையைத் தடுக்கக்கூடும்.